புல்லும் மந்தையும்

நுழையும்முன்

காடு என்றால் மரங்களும் பாலை என்றால் மணலும் நினைவுக்கு வரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட புல்வெளியை நினைப்போர் சிலரே. அப்புல்வெளியைக் காக்க வேண்டுமானால் அங்கு மேயும் ஆடுகளை வெளியேற்ற வேண்டுமா, மேயவிட வேண்டுமா? தக்காணத்துக் கறுப்புச் செம்மறிகளையும், அவற்றை மேய்க்கும் மக்களையும், கானமயில் என்னும் அரிய பறவையையும் முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மழைமறைவு நிலம்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுப்பதால் கொங்கணக் கடற்கரையில் பெருமழை பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாக விளங்குகிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூர் மாவட்டம் அத்தகையது. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிமீட்டர் வரையே. அம்மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும்.

இப்பகுதியின் மேட்டு நிலங்களில், எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறையின்மேல் மெல்லிய மண்படலமே உள்ளது. பெருமரங்கள் அடர்ந்து வளர அம்மண் போதாது. புல்லுக்கு அது போதும். முதல் மழை விழுந்த சில நாட்களில் நிலம் பசுமை பூக்கிறது. மழைக்காலத்தின் இறுதியில் புல் கதிர் விடுகிறது. பனிக்காலத்தில் பொன்னிறமாகக் காய்ந்து நிற்கிறது. அதனிடையே வேலமரமும் இலந்தைப் புதரும் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. வெளிமான், ஓநாய், நரி, கௌதாரி, வானம்பாடி முதலிய பல உயிர்களுக்கு இவ்வெளியே வீடு.

தரிசு என்னும் பெயர்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலங்கள், அவை ஈட்டித்தரும் வரியைக் கொண்டே பெரிதும் மதிப்பிடப்பட்டன. உழவும் நடைபெறாத, விற்பனைக்குரிய மரமும் விளையாத புல்வெளி, தரிசு என்று கணக்கில் எழுதப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அப்பார்வை முற்றிலும் மாறவில்லை. தரிசு எனப்பட்ட நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது. கால்வாய் நீர் வந்த இடங்களில் கரும்பு விளைந்தது. எஞ்சிய இடங்களில், நிலத்தை மேம்படுத்தும் நல்லெண்ணத்துடன் மரக்கன்றுகள் நடப்பட்டன. ஆனால், திறந்த வெளியில் வாழப் பழகிய உயிர்களுக்கு மரத்தோப்பு உகந்த இடமன்று. நெடுந்தொலைவு பார்க்க இயலாத இடத்தைக் கானமயில் நாடுவதில்லை. எனவே, மரம் நடுதல் எல்லா இடத்திலும் நன்மையாகாது என்பதை அறிதல் வேண்டும்.

தமிழ் மரபு மேய்ச்சல் நிலத்தைப் பயனற்றதாகக் கருதவில்லை. காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லையை ஐந்திணையுள் ஒன்றாக வைத்து, அங்கு வாழும் ஆயரையும் அவர்தம் ஆநிரையையும் பாடியது. ஊர்தோறும் கால்நடைகள் கூடும் திடலுக்கு மந்தைவெளி என்று பெயர் இருந்தது. சென்னை மாநகரின் நடுவே ஒரு பகுதி இன்றும் அப்பெயரால் வழங்குகிறது.

புல்லின் வளர்ச்சியும் ஆட்டின் வாயும்

ஒரு செடியின் நுனியைக் கிள்ளினால் அதன் நேர்வளர்ச்சி தடைப்படும். புல்லின் இயல்பு வேறு. அதன் வளர்முனை பெரும்பாலும் தரையை ஒட்டி, தாளின் அடியில் மறைந்துள்ளது. மேலே உள்ள இலையை ஆடு கடித்தாலும் அடியிலிருந்து புதிய இலை எழுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக மான்களாலும் பிற விலங்குகளாலும் மேயப்பட்டு வந்ததால் புல் இத்தாங்குதிறனைப் பெற்றுள்ளது.

மேய்ச்சலே இல்லாத புல்வெளியில் என்ன நிகழும்? பழைய புல் காய்ந்து மடிந்து தரையை மூடும். கீழே முளைவிடும் தளிர்களுக்கு ஒளி கிட்டாது. காய்ந்த புல் குவிவதால் கோடையில் தீப்பற்றும் வாய்ப்பும் பெருகும். மேய்ச்சல் அளவுடன் நடைபெற்றால் பழம்புல் குறைந்து இளம்புல் தழைக்கும். ஆட்டுப் புழுக்கை மண்ணுக்கு உரமாகும். சாணத்தை நாடி வண்டுகள் வரும். வண்டுகளை நாடிப் பறவைகள் வரும்.

மேயும் முறையும் விலங்குக்கு விலங்கு வேறுபடும். பசு நீண்ட நாவினால் புல்லைச் சுருட்டி இழுத்து அறுக்கும். ஆகவே ஓரளவு உயரமான புல்லே அதற்கு ஏற்றது. வெள்ளாடு தழைகளையும் கொழுந்துகளையும் பெரிதும் விரும்பும். செம்மறியின் மேலுதடு பிளவுபட்டு எளிதில் அசையக்கூடியது. அதனால் தரையை ஒட்டிய குறும்புல்லையும் அது தேர்ந்து கடிக்கும். இத்திறனே அதன் வலிமை. இதுவே அதனால் விளையும் ஆபத்தும் ஆகும். ஒரே இடத்தில் மிகுதியான செம்மறிகள் நெடுநாள் நின்றால், புல்லின் அடியிலுள்ள வளர்முனையும் தப்பாது. சுவைமிக்க பல்லாண்டுப் புற்கள் அழியும். ஆடுகள் விரும்பாத ஊசிப்புல் அவ்விடத்தைப் பிடிக்கும். ஊசிப்புல்லின் கூரிய விதைகள் ஆட்டின் உரோமத்தில் சிக்கித் தோலைத் துளைத்துப் புண்ணாக்கும். அளவுமீறிய மேய்ச்சல், இறுதியில் ஆட்டையே வருத்துகிறது.

தக்காணி ஆடும் தங்கர் மக்களும்

தக்காண மேட்டு நிலத்துக்கு உரிய நாட்டுச் செம்மறி இனம் 'தக்காணி' எனப்படும். மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இவ்வினம் வளர்க்கப்படுகிறது. இதன் நிறம் பெரும்பாலும் கறுப்பு. கடும் வெயிலையும் குளிர்ந்த இரவையும் தாங்கும், நெடுந்தூரம் நடக்கும், அறுவடை முடிந்த வயலின் தாளையும் காய்ந்த புல்லையும் உண்டு உயிர்வாழும். ஆண்டுக்கு இருமுறை இதன் உரோமம் கத்தரிக்கப்படுகிறது. அம்முரட்டு உரோமத்தால் நெய்த கருங்கம்பளியே மேய்ப்பவருக்கு மழையில் குடை, இரவில் படுக்கை, குளிரில் போர்வை. கன்னடத்திலும் அதற்குக் கம்பளி என்றே பெயர். தெலுங்கில் அது கொங்கடி எனப்படுகிறது.

மகாராஷ்டிரத்தில் இந்த ஆடுகளை வளர்ப்போருள் பெரும்பான்மையினர் தங்கர் என்னும் சமூகத்தினர். கர்நாடகத்தில் குருபர்களும் தெலங்கானாவில் குருமர்களும் இத்தொழிலைச் செய்கின்றனர். தங்கர்களுள் பலர் ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றனர். மழைக்காலம் முடிந்து தீபாவளியை ஒட்டிய நாட்களில் மந்தையுடன் மேற்கு நோக்கிப் புறப்படுவர். தட்டுமுட்டுப் பொருள்களைக் குதிரைகள் சுமக்கும். பெண்களும் குழந்தைகளும் உடன் நடப்பர். மலையைக் கடந்து கொங்கணத்தை அடையும்போது அங்கு நெல் அறுவடை முடிந்திருக்கும். உழவர்கள் தம் வயலில் ஆடுகளை இரவில் அடைக்குமாறு வேண்டுவர். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரமாகும். அதற்கு ஈடாக ஆயருக்குத் தானியமோ பணமோ கிடைக்கும். மீண்டும் மழை தொடங்குமுன் மந்தை மேட்டு நிலத்துக்குத் திரும்பும். கொங்கணத்தின் ஓயாத மழையும் சேறும் இவ்வாடுகளுக்கு ஒவ்வா.

இம்முறை தமிழகத்துக்குப் புதியதன்று. இரவில் ஆடுகளை வயலில் அடைப்பதைத் தமிழர் 'கிடை போடுதல்' என்பர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் ஆயர்கள், அறுவடைக்குப் பின் காவிரிப் படுகையின் வயல்களுக்குத் தம் மந்தைகளை ஓட்டிச்சென்று கிடை போடுவது வழக்கம். அம்மந்தைத் தலைவரைக் 'கீதாரி' என அழைப்பர். மொழி வேறாயினும் கீதாரியும் தங்கரும் செய்யும் தொழில் ஒன்றே.

கானமயிலின் துன்பம்

கானமயில், பறக்கும் பறவைகளுள் மிகுந்த எடையுடைய இனங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள ஆண் பறவை 15 கிலோகிராம் வரை எடையிருக்கும். வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, தானியம், இலந்தைப்பழம் ஆகியவை இதன் உணவு. பெண் பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிட்டுத் தனியே அடைகாக்கும். 2011ஆம் ஆண்டு முதல் இது மிக அருகிய இனமாக உலக அளவில் பட்டியலிடப்பட்டுள்ளது. இன்று எஞ்சியவை ஏறத்தாழ 150 பறவைகள் எனக் கணிக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இராஜஸ்தானின் தார்ப் பகுதியில் வாழ்கின்றன.

இப்பறவையைக் காப்பதற்காக 1979ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் கானமயில் சரணாலயம் அமைக்கப்பட்டது. சோலாப்பூர் அருகிலுள்ள நன்னஜ் அதன் முதன்மையான இடம். சரணாலயத்தின் தொடக்கப் பரப்பு ஏறத்தாழ 8,496 சதுர கிலோமீட்டர். அதனுள் புல்வெளி மட்டும் இல்லை. ஊர்களும் வயல்களும் சாலைகளும் அடங்கியிருந்தன. நிலத்தை விற்கவும் வீடு கட்டவும் தடைகள் எழுந்ததால் மக்கள் வருந்தினர். பின்னர் அதன் பரப்பு ஏறத்தாழ 1,222 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. வரைபடத்தில் பெரிய கோடு வரைவதனால் மட்டும் புல்வெளி காக்கப்படாது என்பதற்கு இது சான்று.

கானமயிலுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு எளிதானதன்று. மழைக்காலத்தில் கானமயில் முட்டையிடுகிறது. அதே மழைக்காலத்தில் மந்தைகளும் மேட்டு நிலத்தில் தங்கியிருக்கின்றன. தரையில் கிடக்கும் ஒற்றை முட்டை ஆட்டின் குளம்புக்குத் தப்புவது அரிது. மந்தையுடன் வரும் நாய்களைக் கண்டு தாய்ப்பறவை அஞ்சி எழுந்துவிடும். ஆகவே முட்டையிடும் இடங்களை அக்காலத்தில் மேய்ச்சலின்றி வைத்திருத்தல் இன்றியமையாதது. ஆயினும், ஆண் பறவை தோகை விரித்துத் துணையை அழைப்பதற்குக் குறும்புல் நிலமே வேண்டும். இரை தேடுவதற்கும் இடையிடையே திறந்த நிலம் வேண்டும். புல் இடைவெளியின்றி உயர்ந்து அடர்ந்தால் அதுவும் இப்பறவைக்கு உதவாது.

கானமயிலின் அழிவுக்கு ஆட்டின்மேல் பழி சுமத்துவதும் நேர்மையாகாது. முற்காலத்தில் இப்பறவை பெருமளவில் வேட்டையாடப்பட்டது. புல்வெளிகள் வயல்களாயின. இக்காலத்தில் மின்கம்பிகளில் மோதி இறக்கும் பறவைகள் பல. நன்னஜில் இன்று கானமயிலைக் காண்பது அரிதினும் அரிது.

இரண்டு படிப்பினைகள்

பாதுகாக்கப்பட்ட இடங்களில் மேய்ச்சலைப் பற்றி எடுத்த முடிவுகள் எவ்வாறு அமைந்தன என்பதற்கு வடஇந்தியாவின் இரண்டு நிகழ்வுகள் எடுத்துக்காட்டாகும்.

முதலாவது, இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. இது நீர்ப்பறவைகளுக்குப் பெயர்பெற்ற ஈரநிலம். இங்கு மேய்ந்தவை எருமைகளும் மாடுகளும் ஆகும். 1982ஆம் ஆண்டு இங்குக் கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. சுற்றியுள்ள ஊர்மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுநாள் ஆய்வு வியப்பான முடிவைத் தந்தது. எருமைகள் இல்லாமையால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகள் நீந்தவும் இரை தேடவும் இடம் குறைந்தது. பின்னாளில் ஊர்மக்கள் பூங்காவினுள் புல் அறுத்துச் செல்ல இசைவு அளிக்கப்பட்டது.

இரண்டாவது, மத்தியப் பிரதேசத்தின் கரேரா. 1981ஆம் ஆண்டு கானமயிலுக்காக அமைக்கப்பட்ட சரணாலயம் அது. அங்கு உழவர்களின் நிலங்களும் சரணாலய எல்லைக்குள் வந்தன. பாதுகாப்பினால் பெருகிய வெளிமான்கள் பயிரை மேய்ந்தன. மக்களுக்கு இழப்பு மிகுந்தது; பயன் ஏதும் கிட்டவில்லை. பறவையின் பெயரால் தமக்குத் துன்பம் வந்தது என்று அவர்கள் எண்ணினர். 1990களில் கானமயில் அங்கிருந்து முற்றிலும் மறைந்தது.

நிலத்தின் இயல்பை அறியாமல் தடைவிதித்தல் தீது என்பதை முதல் நிகழ்வு உணர்த்துகிறது. மக்களின் மனத்தை இழந்தபின் காவல் நிலைக்காது என்பதை இரண்டாவது நிகழ்வு உணர்த்துகிறது.

இடமும் காலமும் அளவும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்த்தல் கூடாது. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் இடம்பெயரும் ஆயர்களின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, சட்டத்தின் வழியிலேயே இணக்கம் காண இடமுண்டு.

நன்மேய்ச்சலுக்கு மூன்று கூறுகள் தேவை. முதலாவது இடம்: முட்டையிடும் பகுதியை ஒதுக்கிவிட்டு, பிற பகுதிகளை மந்தைக்குத் திறந்துவிடுதல் வேண்டும். இரண்டாவது காலம்: புல் விதை சிந்தும்வரை பொறுத்து, பகுதி பகுதியாக மாற்றி மேய்த்தல் வேண்டும். மூன்றாவது அளவு: நிலம் தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆடுகள் சேராதிருத்தல் வேண்டும். தழைத்த புல்லையும் தேய்ந்த புல்லையும் ஒரே பார்வையில் வேறுபடுத்தி அறியும் திறன் ஆயருக்கு உண்டு. அவ்வறிவைத் திட்டமிடுவோர் கேட்டறிதல் நலம்.

அளவைக் காப்பதுதான் கடினமானது. வருவாய் குறையும்போது ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டவே எவரும் விரும்புவர். முன்பு உரோமம் ஒரு வருவாயாக இருந்தது. இப்போது உரோமத்தை விற்ற பணம் கத்தரிக்கும் கூலிக்கே போதுவதில்லை. கருங்கம்பளி வாங்குவோர் குறைந்தனர். இறைச்சி ஒன்றே வருவாயாயிற்று. அதனால் ஆயருள் பலர், விரைவில் எடை கூடும் வேறு இனங்களுடன் தக்காணியைக் கலந்துவிடுகின்றனர். கலப்பினக் குட்டி சந்தையில் நல்ல விலை பெறும். ஆனால் வறட்சியிலும் நெடுநடையிலும் தக்காணியைப் போல் தாங்குமா என்பது கேள்வி. நாட்டினம் ஒருமுறை அழிந்தால் மீண்டும் உருவாக்க இயலாது.

இச்சிக்கலுக்கு ஒரு வழியை மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் கண்டது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் காரோல் என்னும் சிறிய செம்மறி இனம் உண்டு. அது ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் ஈனும் இயல்புடையது. அவ்வியல்புக்குக் காரணமான மரபணுவை முறையான இனச்சேர்க்கையால் தக்காணிக்குக் கொண்டுவந்து, 'நாரி சுவர்ணா' என்னும் வகையை அந்நிறுவனம் உருவாக்கியது. ஓர் ஆடு இரு குட்டிகளை ஈனும்போது, குறைந்த எண்ணிக்கையிலான தாயாடுகளைக் கொண்டே ஆயர் வாழ இயலும். இரட்டைக் குட்டிகளுக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்பதும் உண்மையே.

ஐக்கிய நாடுகள் அவை, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்துள்ளது. தக்காணத்தில் மூன்று உயிர்கள் ஒரே புல்லை நம்பியுள்ளன: ஒற்றை முட்டையிடும் பறவை, உரோமம் விலைபோகாத ஆடு, ஆண்டில் பாதி நடந்தே கழிக்கும் மனிதர். இம்மூவருள் ஒருவரைக் காக்க மற்றொருவரை விரட்டினால் புல்லும் நிலைக்காது. மூவருக்கும் இடம் வகுப்பதே புல்வெளியைக் காக்கும் முறையாகும்.

தெரிந்துகொள்வோம்

தமிழகத்திற்கும் உரிய செம்மறி இனங்கள் உண்டு. சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டின் தோல் பெயர்பெற்றது. தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர் ஆடு, வெண்ணிற உடலில் செம்புள்ளிகள் கொண்டது. மதுரை மாவட்டத்துக்குரியது கச்சைகட்டிக் கருப்பு. மெல்லிய உரோமம் தருவது நீலகிரி ஆடு.

சொல்லும் பொருளும்

ஆநிரை – பசுக்கூட்டம்
கிடை – வயலில் இரவில் ஆடுகளை அடைத்து வைத்தல்
புழுக்கை – ஆட்டின் சாணம்
வெளிமான் – முறுக்கிய கொம்புடைய மான் வகை
ஈற்று – குட்டி ஈனுதல்
ஒவ்வா – பொருந்தா

பயிற்சி

1. புல்வெளி தரிசு எனப் பெயர்பெற்றது எவ்வாறு?
2. மேயப்பட்ட புல் மீண்டும் தழைப்பதற்குரிய காரணத்தை விளக்குக.
3. கானமயிலுக்கு ஆடுகளால் விளையும் தீமை ஒன்றையும் மேய்ச்சலால் விளையும் நன்மை ஒன்றையும் எழுதுக.
4. பரத்பூர், கரேரா ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக.
5. பிரித்து எழுதுக: மேலுதடு, கருங்கம்பளி, குறும்புல், நன்மேய்ச்சல்.
6. நீங்கள் வாழும் மாநிலத்தில் ஆடு மேய்ப்போரையும் மேய்ச்சல் நிலத்தையும் எப்பெயர்களால் அழைக்கின்றனர்? அறிந்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.